ஐரிஷ் படங்களில் வரும் அந்தச் சாவு வீடு எவ்வளவு நிஜம்?

நீங்கள் பார்த்த படத்தில், மேற்கு அயர்லாந்துக் கிராமம் ஒன்றில் அப்பா இறந்துபோகிறார். லண்டனிலிருந்து மகளும் சிட்னியிலிருந்து இளைய மகனும் வந்து சேர்கிறார்கள். மூத்தவன் அங்கேயே மாடும் நிலமுமாக இருந்தவன். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், அதிகம் பேசுவதில்லை. திறந்த சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே தேநீரும் சிரிப்பும் நடக்கிறது, அடக்கம் முடிந்த அன்று ராத்திரியே சமையலறையில் சொத்துச் சண்டை வெடிக்கிறது. "இது நிஜமா, சினிமாவா? எல்லாம் மூத்தவனுக்கே என்று உயில் இருந்தால் மற்ற இரண்டு பேரும் ஒன்றுமே கேட்க முடியாதா?" என்று கேட்டிருந்தீர்கள், லண்டன் மகள் பங்கு கேட்டது பேராசை என்றும் சொல்லியிருந்தீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தப் பிள்ளைகளுக்கு அப்பா மேல் பாசம் இருந்ததா இல்லையா?

நான் அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சிறு நகரத்தில், சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் உயில், புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் உத்தரவு), நிலம் கைமாற்றுவது போன்ற வேலைகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்கள். அதனால் சட்டம் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன். மனசு பற்றிச் சொல்வதை அந்தக் குடும்பங்களோடு பழகிய ஒருவரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது அப்படியே நிஜம், படம் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. உடலைப் பதப்படுத்தி வீட்டுக்கே கொண்டுவருவார்கள், முன்னறையிலோ படுக்கையறையிலோ பெட்டியைத் திறந்து வைப்பார்கள். அடக்கம் வரை உடலைத் தனியாக விடுவதில்லை, ராத்திரி முழுக்க யாராவது கூட உட்கார்ந்திருப்பார்கள். ஊர் மொத்தமும் வரிசையாக வரும். சுவரோரமாக நாற்காலி போட்டுக் குடும்பத்தார் உட்கார்ந்திருக்க, வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கி, எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே நகர்வார்கள். உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன், அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பிறகு பெட்டியருகே போய் இறந்தவர் கையைத் தொட்டு, சிலுவைக் குறி போட்டுவிட்டு, சமையலறைக்குப் போவார்கள். அங்கே அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த ஹாம் சாண்ட்விச், கேக், ஓயாமல் தேநீர். நம் ஊரிலும் சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதானே சாப்பாடு வரும், அதேதான். அங்கே நின்றுகொண்டு இறந்தவர் சந்தையில் யாரிடம் எப்படிப் பேரம் பேசினார், எந்த ஆட்டத்தில் எந்தப் பந்தைக் கோட்டை விட்டார் என்று கதை சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் செய்கிற மரியாதை. கதை எதுவும் எழாத சாவு வீட்டைத்தான் ஊர் பரிதாபமாகப் பார்க்கும். பழைய காலத்தில் இன்னும் அதிகம்: களிமண் புகைக்குழாயும் புகையிலையும் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள், இளவட்டங்கள் விடிய விடிய விளையாடுவார்கள். கத்தோலிக்க ஆயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கண்டித்தும் அது லேசில் போகவில்லை. ஆனால் நாடு முழுக்க இப்படி என்று நினைக்க வேண்டாம். கிராமப்புற மேற்கிலும் வடக்கிலும்தான் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. டப்ளினில் பெரும்பாலும் இறுதிச்சடங்கு நிலையத்திலேயே பார்வைக்கு வைத்துவிடுகிறார்கள்.

பொதுவாக இறந்த மூன்றாம் நாள் அடக்கம் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வர வேண்டுமென்றால் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போடுவார்கள். இந்த அவசரத்தில்தான் நாடகமே பிறக்கிறது. சிட்னியிலிருந்து ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து வந்தவன் தூங்கியிருக்க மாட்டான், வீட்டில் இருந்தவனும் தூங்கியிருக்க மாட்டான். இரண்டு மூன்று நாளாக ஊரே வீட்டுக்குள் நடமாடியிருக்கும், பிள்ளைகள் மூவருக்கும் தனியாகப் பேச ஐந்து நிமிஷம்கூடக் கிடைத்திருக்காது. தேவாலயத்தில் பூசை முடிந்து, கல்லறையில் செபம் சொல்லி, ஹோட்டலில் சாப்பாடும் முடிந்து, கடைசிக் காரும் போன பிறகு முதல் முறையாக வீடு அமைதியாகிறது. பேச வேண்டியதெல்லாம் அப்போது வெளியே வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அங்கே மரண அறிவிப்பு எப்படி எழுதுவார்கள் என்று தெரிந்தால் இந்தக் குடும்பங்கள் இன்னும் நன்றாகப் புரியும். உள்ளூர் வானொலியில் தினமும் வாசிப்பார்கள், மேயோ மாவட்டத்தில் மிட்வெஸ்ட் ரேடியோவில் அந்த நேரத்துக்கு எத்தனையோ வீடுகளில் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். 2005-இல் ஆர்.ஐ.பி. டாட் ஐ.இ. என்ற இணையதளம் வந்த பிறகு உலகத்தில் எங்கே இருக்கும் ஐரிஷ்காரரும் அதில் பார்த்துக்கொள்கிறார். அறிவிப்பில் பிள்ளைகள் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவரவர் ஊரைப் போடுவது வழக்கம்: ஒரு மகன் (பாஸ்டன்), ஒரு மகள் (லண்டன்), இன்னொரு மகன் (பெர்த்). ஊர் போடாத பெயர் ஒன்று இருந்தால் அனேகமாக அவர்தான் வீட்டில் தங்கியவர். கோப்பு திறக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த அறிவிப்பைத்தான். யாரிடம் எந்த மனக்குறை இருக்கும் என்பது அந்த இரண்டு வரியிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஏன் ஒருவர் மட்டும் தங்கினார் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் வரும்வரை, மேற்கில் பல இடங்களில் அப்பாக்கள் இருந்த கொஞ்ச நிலத்தையும் மகன்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவந்தார்கள், கையகல நிலத்திலும் உருளைக்கிழங்கு போட்டு ஒரு குடும்பம் பிழைத்தது. பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நிலத்தைப் பிரிப்பதே நின்றுபோனது. ஒருவனுக்கு நிலம், ஒருத்திக்குச் சீதனம், ஒருவன் பாதிரியாராகப் படிக்கக் குருமடத்துக்கு, மீதிப் பேருக்குக் கப்பல் டிக்கெட். கிளம்புகிறவர்களுக்கு முந்தின ராத்திரி ஊர் கூடிச் செத்தவருக்குச் செய்வது போலவே விழித்திருந்து வழியனுப்புவார்கள், 'அமெரிக்க விழிப்பு' என்று அதற்குப் பெயர், ஏனென்றால் அவர்கள் திரும்பிவரப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். 1951-க்கும் 1961-க்கும் நடுவில் மட்டும், வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாலும், சுமார் நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது முப்பது லட்சத்துக்குக் குறைவு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இன்னொரு அலை ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனது. உங்கள் படத்து இளையவன் அந்த அலையைச் சேர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

தங்கியவனுக்கும் அது வரம் மட்டுமே இல்லை. 1930-களில் கிளேர் மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த இரண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள், அப்பா நிலத்தை எழுதித் தராதவரை நாற்பத்தைந்து வயது ஆணையும் ஊர் 'பையன்' என்றே கூப்பிட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கல்யாணம் தள்ளிப்போகும், சில பேருக்கு நடக்காமலே போகும். இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது, ஆனாலும் அப்பா கடைசிவரை பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மகன் சம்பளம் இல்லாமல் இருபது முப்பது வருடம் பண்ணையில் உழைக்கிற வீடுகள் இப்போதும் எங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன. நிலத்தை விற்பது என்ற பேச்சு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், அது ஒரு காலத்தில் நிலச்சுவான்தாருடைய நிலம். 1903 சட்டத்தையும் அதை ஒட்டிய மற்ற நிலச் சட்டங்களையும் வைத்து, தாத்தாவோ பூட்டனோ பல பத்தாண்டுகள் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொண்டது. மகளுக்கு அது பல லட்சம் யூரோ பெறுமானமுள்ள சொத்து, மூத்தவனுக்கு அது தன்னோடு முடிந்துவிடக் கூடாத ஒன்று. இரண்டு பேரும் ஒரே வயலைத்தான் பார்க்கிறார்கள்.

இனி சட்டம். வழக்கறிஞர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உயிலை வாசிக்க, எல்லாரும் முகம் வெளிறுகிற காட்சி படங்களில் அடிக்கடி வரும். அயர்லாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு சடங்கு கிடையாது. உயிலை நிறைவேற்றும்படி பெயர் குறிக்கப்பட்டவருக்குத்தான் முதலில் தெரியும், அவர் மூலமாக மற்றவர்களுக்குத் தெரியவரும். புரோபேட் கிடைத்த பிறகு உயில் பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். அதேபோல அடக்கம் முடிந்த வாரமே வீட்டை விற்றுக் காசைப் பிரிப்பதும் நடக்காது. இறந்தவர் பெயரில் மட்டும் உள்ள சொத்தாக இருந்தால், புரோபேட் வராமல் விற்பனையை முடிக்க முடியாது, அதற்கு மாதக் கணக்கில் ஆகும். சண்டை நீண்டால் நிலத்தைப் பதினோரு மாதக் குத்தகைக்கு யாருக்காவது விட்டு வைப்பார்கள், சில இடங்களில் அந்தக் குத்தகை வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகும். நிஜத்தில் சொத்துச் சண்டை மெதுவாகத்தான் வரும். ஒரு மாதம் கழித்து இறந்தவருக்காக ஒரு பூசை உண்டு, அதற்குள் வெளிநாட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போயிருப்பார்கள், அதற்கும் பிறகுதான் எங்களுக்குப் போன் வரும். சினிமா அத்தனை மாதங்களையும் ஒரே ராத்திரிக்குள் அடைத்துவிடுகிறது. படம் கூட்டிச் சொல்வது அந்த ஒன்றைத்தான்.

எல்லாம் மூத்தவனுக்கே என்று உயில் இருந்தால்? முதலில் கேட்க வேண்டியது அம்மாவைப் பற்றி. நீங்கள் சொன்ன கதையில் யாரும் அவளைக் கேட்கவில்லை, சட்டம் கேட்கிறது. 1965 வாரிசுரிமைச் சட்டம் 1967-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் மனைவிக்கு ஒரு காசு இல்லாமல் உயில் எழுதலாம், அது செல்லும். அந்தச் சட்டத்துக்குப் பிறகு உயிலில் என்ன எழுதியிருந்தாலும், பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் பாதி, உயிரோடிருக்கும் துணைக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டையே தன் பங்குக்கு ஈடாகக் கொடுக்கும்படி கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு. அதனால் அந்தச் சமையலறையில் மூன்று பிள்ளைகளும் யாருக்கு வீடு என்று கத்திக்கொண்டிருக்கும்போது, முதல் வார்த்தை சொல்லும் உரிமை மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் இருந்தது. உயிலே இல்லாமல் போயிருந்தால் கணக்கு வேறு. மூன்றில் இரண்டு பங்கு அம்மாவுக்கு, மீதி ஒரு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, அதாவது ஆளுக்கு ஒன்பதில் ஒன்று.

பிள்ளைகளுக்கு அப்படிக் கட்டாயப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி, தன் வசதிக்கு ஏற்ப எனக்கு உரியதைச் செய்யாமல் அப்பா தார்மீகக் கடமை தவறினார் என்று பிள்ளை நீதிமன்றத்தில் கேட்கலாம். பிள்ளைக்கு ஐம்பது வயதானாலும் கேட்கலாம். ஜெயிப்பதுதான் சுலபமில்லை. மூன்று பேருக்கும் சமமாகப் பிரிக்கவில்லை என்பது மட்டும் போதாது. பிள்ளையின் நிலைமை என்ன, அப்பா உயிரோடிருந்தபோது படிப்புக்கோ வீடு கட்ட மனைக்கோ என்ன கொடுத்தார், மற்ற பிள்ளைகளுக்கு என்ன கடமை இருந்தது என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். அம்மாவின் மூன்றில் ஒரு பங்கில் கைவைக்கவும் முடியாது. புரோபேட் வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், அந்தக் கெடுவை நீதிமன்றமே நினைத்தாலும் நீட்ட முடியாது. சிட்னிக்குத் திரும்பிப் போய் ஆற அமர யோசிக்கிற இளையவன் இந்த உரிமையை அப்படியே இழந்துவிடலாம்.

இதையே திருப்பிப் பாருங்கள். மூத்தவனுக்கு ஒன்றும் எழுதாமல் அப்பா போயிருந்தால்? நான் பார்த்ததில் மனசை அதிகம் பாரமாக்குகிற வழக்கு அதுதான். "எல்லாம் உனக்குத்தானே" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியே ஒருவனை வருடக்கணக்கில் உழைக்க வைத்திருந்தால், அந்த வார்த்தையை நம்பி அவன் இழந்ததை நீதிமன்றம் பார்க்கும். 1990-களில் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு: மகன் தனியாக வீடு கட்ட மனை கேட்கிறான், உன் அம்மா காலத்துக்குப் பிறகு இந்த வீடு உனக்குத்தான், உனக்கு எதற்கு இரண்டு வீடு என்கிறார் அப்பா. மகன் அதை நம்பி அந்த வீட்டையே ஒட்டித் தனக்கு இடம் கட்டிக்கொள்கிறான். கடைசி உயிலில் வீடு வேறு பிள்ளைக்குப் போகிறது. நீதிமன்றம் மகன் பக்கம் நின்றது. வரியும் தங்கியவனுக்குக் கொஞ்சம் சாதகம். பெற்றோரிடமிருந்து வருவதில் நான்கு லட்சம் யூரோ வரை வரி இல்லை, அதற்கு மேல் 33 சதவீதம். ஆனால் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்கிற விவசாயிக்கு நிலத்தின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

இந்தப் படங்கள் பெரும்பாலும் தொடாத விஷயம் ஒன்று, முதியோர் இல்லச் செலவு. 2009-இலிருந்து உள்ள அரசுத் திட்டத்தில், வருமானத்தில் 80 சதவீதமும், சொத்து மதிப்பில் விதிவிலக்குத் தொகை போக வருடத்துக்கு 7.5 சதவீதமும் இல்லச் செலவுக்குப் போகும். வீட்டுக்கு மூன்று வருடம் வரைதான் அந்தக் கணக்கு, ஆனால் மூன்று வருடம் என்றாலே வீட்டில் 22.5 சதவீதம் போயிற்று. அதைக் கடனாக எழுதி வைத்து இறந்த பிறகு கட்டலாம் என்பதால், அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சு கடைசியில் ஒரு தொகையாகவே வந்து நிற்கும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகன் அந்தப் பணத்தையும் மிச்சப்படுத்தியிருக்கிறான், அதை யாரும் அவனுக்கு வரவு வைப்பதில்லை.

அப்புறம், அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் உட்காரும் முகம் தெரியாத ஆள், குடும்பத்துக்கே தெரியாமல் இறந்தவருக்குப் பிறந்த பிள்ளை. உங்கள் படத்தில் அது இல்லை, ஆனால் இந்த வகைப் படங்களில் அடிக்கடி வரும். அதை மலிவான திருப்பம் என்று தள்ளிவிடாதீர்கள். கல்யாணமாகாத தாய்மார்களையும் குழந்தைகளையும் நிறுவனங்களில் அடைத்து வைத்த நாடு அது, 2021 ஜனவரியில் விசாரணை ஆணைய அறிக்கை வந்து பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1987 சட்டத்துக்குப் பிறகு, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள அதே வாரிசுரிமை. ஆனால் சட்டப்படி இன்னொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர் என்றால், பெற்றவர் சொத்தில் அவருக்கு உரிமை இல்லை, வளர்த்தவர் சொத்தில்தான்.

ஐரிஷ் குடும்பங்கள் எல்லாம் இப்படிச் சண்டை போடுகின்றனவா என்றால், என் அனுபவத்தை வைத்து அதைச் சொல்வது நியாயமாக இருக்காது. தகராறு உள்ளவர்கள்தான் எங்களிடம் மறுபடி மறுபடி வருகிறார்கள். ஒரே சந்திப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று பேரும் சேர்ந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போகிற குடும்பங்களும் நிறைய. நான் சொன்ன சட்டம் குடியரசுக்கு மட்டும்தான். கதை எல்லைக்கு வடக்கே, டைரோனிலோ ஆண்ட்ரிமிலோ நடந்தால் அது பிரிட்டனுக்குக் கீழே உள்ள வட அயர்லாந்து, அங்கே மனைவிக்கு நிலையான மூன்றில் ஒரு பங்கு என்பது இல்லை, 1979-இல் வந்த ஆணையின் கீழ் நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டும்.

பாசம் பற்றி. லண்டன் மகள் பங்கு கேட்டதை நீங்கள் பேராசையாகப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் எதிரே உட்கார்ந்து பங்கு கேட்கிற மகள்களில் பலர் ஏற்கெனவே வசதியாக இருப்பவர்கள். எவ்வளவு தொகை வரும் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் அதைச் சரியாகக் கேட்கக்கூட மாட்டார்கள், உயிலில் தன் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்பார்கள். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவளுக்கு, அப்பா தன்னை நினைத்தாரா என்று தெரிந்துகொள்ள மிச்சமிருக்கிற காகிதம் அது ஒன்றுதான். எங்களிடம் உயில் எழுத வருகிற அப்பாக்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது இதுதான்: நிலத்தை ஒருவனுக்கே கொடுங்கள், பரவாயில்லை, ஆனால் மற்ற பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதி அதோடு வையுங்கள், ஏன் இப்படிச் செய்தேன் என்று. சில பேர் எழுதுகிறார்கள்.